சீரியலுக்கு முன்னால் ஒரு தாரக் மேத்தா இருந்தார்

18 பிப்ரவரி 2025

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குஜராத்தியில் நகைச்சுவை எழுத்து என்று ஒன்று இருக்கிறதா? டிவியில் ஜேட்டாலால் வருகிறார், அவ்வளவுதான் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்குக் கணக்கு வழக்குதானே வரும்?"

இருக்கிறது. 130 வருஷமாக இருக்கிறது. அந்த ஜேட்டாலாலே டிவிக்காகப் பிறந்தவர் இல்லை. மும்பையிலிருந்து வரும் 'சித்ரலேகா' என்ற குஜராத்தி வாரப் பத்திரிகையில் 1971 மார்ச்சில் ஒரு பத்தி தொடங்கியது. பெயர் 'துனியா நே ஊந்தா சஷ்மா'. உலகத்தைத் தலைகீழ்க் கண்ணாடி போட்டுப் பார்ப்பது என்று அர்த்தம். ஜேட்டாலால், அவர் மனைவி தயா, பையன் டப்பு, அப்பா சம்பக்லால் எல்லாரும் அந்தப் பத்தியில் வளர்ந்தவர்கள். அதிலிருந்து சப் டிவியில் 'தாரக் மேத்தா கா உல்ட்டா சஷ்மா' என்ற இந்தித் தொடர் வந்தது 2008 ஜூலை 28. நடுவில் 37 வருஷம்.

தொடரில் 'மேத்தா சாப்' என்று ஒருவர் வருகிறாரே, அவரைக் கற்பனைப் பாத்திரம் என்றே பலர் நினைக்கிறார்கள். பத்தியை எழுதிய மனிதரின் பெயரே தாரக் மேத்தாதான். 1929 டிசம்பர் 26 அன்று அகமதாபாத்தில் பிறந்தார். 2017 மார்ச் 1 அன்று அதே ஊரில் காலமானார். 80 புத்தகம். 2015இல் பத்மஸ்ரீ. பிலிம்ஸ் டிவிஷனில் ரொம்ப நாள் குமாஸ்தாவாக இருந்தார்.

அதே நாள், இரவு

கேள்வியைத் திரும்பப் படித்தேன், கோபம்தான் வருகிறது. கேட்டவர் மேல் இல்லை. மும்பையில் வளராமல் இருந்திருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

நாங்கள் காட்கோபரில் இருந்தோம். எங்கள் மாடியில் நாலு வீடு, மூன்று குஜராத்தி வீடு. எதிர்வீட்டு அம்மாளை எல்லாரும் 'பா' என்போம். குஜராத்தியில் அம்மாவுக்கும் அதுதான், பாட்டிக்கும் அதுதான். 1984இல் எனக்கு மஞ்சள் காமாலை. 12 வயது. பள்ளிக்கூடம் இல்லை, எண்ணெய் இல்லை, உப்பு பாதி. அம்மா வேலைக்குப் போய்விடுவாள். என்னைப் பா வீட்டில் விட்டுவிட்டுப் போவாள்.

பா ஊஞ்சலில் உட்கார்ந்து 'சித்ரலேகா' வாசிப்பார். கண்ணாடிக்கு ஒரு பக்கக் காம்பு இல்லை, அந்த இடத்தில் வெள்ளை நூல் கட்டி காதில் மாட்டியிருப்பார். அட்டைப்படத்தை ஒரு பார்வை பார்ப்பார், தொடர்கதையைத் தள்ளுவார், நேரே தாரக் மேத்தா பக்கம். எனக்காகச் சத்தமாக வாசிக்க ஆரம்பிப்பார். ஆனால் சிரிப்பு வரும் வரியை அவர் கண் முதலில் பார்த்துவிடும். வாய் அங்கே போவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். ஊஞ்சல் ஆடும், கண்ணாடி நழுவும், முந்தானையால் கண்ணைத் துடைப்பார். "ஊபோ ரஹே, தீக்ரா" என்பார், இரு கண்ணா என்று. நான் இருப்பேன். ஒரு வரிக்கு மூன்று நிமிஷம்.

அந்த மூன்று நிமிஷம் பொறுக்க முடியாமல்தான் நான் குஜராத்தி படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தி எழுத்து பள்ளியில் படித்ததுதான். மேலே போகும் கோட்டை எடுத்துவிட்டால் பாதி எழுத்து குஜராத்தி. துணி காயப்போட்ட கொடியை மட்டும் அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும். மீதிப் பாதியை பா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்.

20 பிப்ரவரி

திருத்தம். குமாஸ்தா என்று எழுதியது தப்பு. 1960 முதல் 1986 வரை மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் வர்ணனையாளராகவும் கெஜட்டட் அதிகாரியாகவும் இருந்தவர். அதற்கு முன் 1958-59இல் குஜராத்தி நாட்டிய மண்டலில் செயலாளர் வேலை, அப்புறம் ஒரு வருஷம் 'பிரஜாதந்திர' நாளிதழில் துணை ஆசிரியர். நாடகமும் நிறைய எழுதியிருக்கிறார். பத்தியில் வசனம் அவ்வளவு லேசாக வந்து விழுவதற்கு அந்த மேடைப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருவர் உள்ளே வரும்போதே அடுத்தவர் பேச ஆரம்பித்திருப்பார்.

பிலிம்ஸ் டிவிஷன் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போதெல்லாம் சினிமா தொடங்கும் முன் கட்டாயமாக அவர்கள் எடுத்த ஒரு செய்திப் படமோ ஆவணப் படமோ ஓட்டியாக வேண்டும். அணை, வெள்ளம், மந்திரி ரிப்பன் வெட்டுவது, மலேரியா கொசு. ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டருக்குத் தமிழ்ப்படம் பார்க்கக் கூட்டிப்போவார். நியூஸ் ரீல் ஓடும்போது பாதிப் பேர் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். தாரக் மேத்தா அந்த அலுவலகத்து ஆள் என்று எனக்குத் தெரிந்தது ரொம்பப் பின்னால். அரோராவில் நான் கேட்ட குரல் அவருடையது என்று சொல்ல வரவில்லை. பகலெல்லாம் சர்க்காருக்காக ஒரு சிரிப்பும் இல்லாத வாக்கியங்களோடு இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஜேட்டாலாலை எழுதியிருக்கிறார். பத்தி தொடங்கியபிறகு மட்டும் 15 வருஷம் அப்படி. வாராவாரம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

21 பிப்ரவரி

"வாராவாரம் எழுதினால் நீர்த்துப் போகாதா" என்று ஒருவர். போகும். அவரிடமும் போயிருக்கிறது. சில வாரம் சம்பக்லால் கத்துவது ஒன்றுதான் மிஞ்சும். பா அப்போது மட்டும் சிரிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிட்டு "இந்த வாரம் மேத்தா சாஹேபுக்கு உடம்பு சரியில்லை போல" என்பார். குறையாகச் சொல்ல மாட்டார், நிஜமாகவே கவலைப்படுவார்.

28 பிப்ரவரி

நாளை அவர் போய் 8 வருஷம். அதனால் சீரியலைப் பற்றி என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

திலீப் ஜோஷியை எனக்குப் பிடிக்கும். குஜராத்தி மேடையிலிருந்து வந்தவர், ஜேட்டாலாலின் பதற்றத்தை முகத்தில் கொண்டுவந்துவிடுகிறார். 4000 அத்தியாயம் தாண்டி ஓடுகிற தொடரைக் குறை சொல்லி ஆகப்போவதும் இல்லை. ஆனால் ஒரு இழப்பு நடந்திருக்கிறது. பத்தியில் எல்லாம் தாரக் மேத்தாவின் கண் வழியாக வரும். ஜேட்டாலால் ஒரு வம்பில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். நமக்குத் தெரிவது ஜேட்டாலால் செய்தது மட்டும் இல்லை, அதைக் கேட்டுக்கொண்டே சோற்றில் கை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மனசில் என்ன ஓடுகிறது என்பதும் தெரியும். சலிப்பு, பாசம், இன்று ராத்திரியும் தூக்கம் போச்சே என்கிற நினைப்பு. சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. டிவியில் கேமரா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மேத்தா சாப் கடைசியில் நல்லது சொல்லும் பெரிய மனுஷனாகவும், மனைவி கொடுக்கும் பாகற்காய்ச் சாறைக் குடிப்பவராகவும் ஆகிவிட்டார்.

1 மார்ச்

இன்னொன்று. பெயர்களில் இருக்கும் சங்கதி. சம்பக்லால் மகனை 'ஜேட்டியா' என்று கூப்பிடுவார். பேரன் டப்பு கோபம் வந்தால் 'டப்புடோ' ஆகிவிடுவான். குஜராத்தியில் பெயரின் வாலை முறுக்கினால் அதிலேயே திட்டும் செல்லமும் வந்துவிடும். "டேய் ஜேட்டா" என்று தமிழில் போட்டால் டேயில் அதட்டல் வருகிறது, அந்தச் செல்லம் வரவில்லை. "ஏன் தமிழில் மொழிபெயர்க்கவில்லை" என்று கேட்டவருக்கு இது பாதிப் பதில். நான் ஒரு பத்தியை முயன்று பார்த்தேன். நாலு நாள். ஜேட்டாலால் பேசுகிற இடம் வந்துவிட்டது, சம்பக்லால் வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டது.

அவர் உடலை மருத்துவக் கல்விக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்தியைப் பார்த்தபோது பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவர் 2003இலேயே போய்விட்டார்.

4 மார்ச்

130 வருஷம் என்று எழுதினேனே, அதற்குக் கணக்கு கேட்கிறார்கள். நியாயம்.

ரமண்பாய் நீல்கண்ட். 1868இல் பிறந்து 1928இல் இறந்தவர். அகமதாபாத் வக்கீல், சமூகச் சீர்திருத்தக்காரர். அவர் மனைவி வித்யாகௌரி குஜராத்தின் முதல் பெண் பட்டதாரிகளில் ஒருவர், 1901இல். ரமண்பாய் 1892இல் 'ஞானசுதா' பத்திரிகையில் 'பத்ரம்பத்ர' என்று ஒரு கதையைத் தொடராக எழுத ஆரம்பித்தார். 1900இல் புத்தகம். குஜராத்தியின் முதல் நகைச்சுவை நாவல்.

நாயகன் பெயர் தௌலத்சங்கர். கனவில் சிவபெருமான் வந்து, 'தௌலத்' என்ற பாரசீக மொழிச் சொல்லை என் பெயரோடு எப்படிச் சேர்த்தாய் என்று கோபிக்கிறார். உடனே மனிதர் பெயரை பத்ரம்பத்ர என்று மாற்றிக்கொள்கிறார். அப்புறம் வாயில் சம்ஸ்கிருதம் தவிர எதுவும் வராது. சீர்திருத்தத்தை எதிர்த்து மும்பை மாதவ்பாகில் ஒரு பெரிய கூட்டம், அதற்காக ரயில் ஏற வேண்டும். டிக்கெட் ஜன்னலில் போய் ஸ்ரீ மோகமயி நகரத்துக்கு இரண்டு 'மூல்யபத்திரிகா' கொடுங்கள் என்கிறார். மோகமயி மும்பை, மூல்யபத்திரிகா டிக்கெட். ஜன்னலுக்குள் இருப்பவர் ஒரு பார்சிக்காரர். அவருக்கு இந்த ஆள் என்ன உளறுகிறார் என்றே புரியவில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. டிக்கெட்டுக்குப் பயணச்சீட்டு என்று சொல்வது நமக்குப் பழகிப்போன விஷயம். அதிலே என்ன கேலி என்று தோன்றியது. அப்புறம்தான் விளங்கியது, ரமண்பாய் அடித்தது மொழியை இல்லை. விதவைக்கு மறுமணம் கூடாது, கடல் தாண்டக் கூடாது என்று பேசியவர்கள் அந்தக் கனமான சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அந்தத் திரையைத்தான் இழுத்தார்.

தாரக் மேத்தாவுக்கு அவர் இறந்த வருஷம் கொடுத்த பரிசு இந்த ரமண்பாய் பெயரில் உள்ள நகைச்சுவைப் பரிசுதான். கையில் வாங்க அவர் இல்லை.

4 மார்ச், கொஞ்சம் கழித்து

நடுவில் வந்தவர்களை விட்டுவிட்டேன். ஜோதீந்திர தவே, 1901இல் சூரத்தில் பிறந்தவர். குச்சி மாதிரி உடம்பு, அதைப் பற்றித் தானே எழுதி ஊரைச் சிரிக்க வைத்தவர். தன்சுக்லால் மேத்தாவோடு சேர்ந்து 1936இல் 'அமே பதா' என்ற நாவல். 'நாங்கள் எல்லாரும்' என்று தலைப்பு. பழைய சூரத்தின் வீடும் தெருவும் உறவும் அதில் அப்படியே இருக்கின்றன. அவரும் பம்பாய் சர்க்காரில் மொழிபெயர்ப்புத் துறையில் வேலை பார்த்தவர். 1980இல் காலமானார். வினோத் பட் (1938-2018) வருமான வரி ஆலோசகர். சக எழுத்தாளர்களைப் பற்றி 'வினோத் நீ நஜரே' என்று எழுதிய புத்தகம் இன்னும் பேசப்படுகிறது. சாப்ளினைப் பற்றியும் மண்டோவைப் பற்றியும் தனித்தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

ஒருவர் வக்கீல், ஒருவர் சர்க்கார் மொழிபெயர்ப்பு, ஒருவர் வரிக் கணக்கு, ஒருவர் செய்திப் படம். கணக்கு வழக்கு என்று கேட்டீர்களே, வினோத் பட் விஷயத்தில் மட்டும் அது சரி.

9 மார்ச்

ஐயர் விஷயத்தை யாராவது எடுப்பீர்கள் என்று தெரியும். ஆமாம், தொடரில் கிருஷ்ணன் சுப்பிரமணியம் ஐயர் என்ற தமிழ் விஞ்ஞானி வருகிறார், வங்காளி மனைவியோடு. நடிப்பவர் தனுஜ் மகாஷப்தே, மராட்டிக்காரர். நம் காதுக்கு அந்தப் பேச்சில் தமிழ் எங்கேயும் இல்லை. எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சல்.

இப்போது அவ்வளவு இல்லை. எங்கள் மாடியில் அந்த ஐயர் என் அப்பாதான். நாங்கள் ஐயர் இல்லை என்றாலும் கட்டடம் முழுக்க அப்பாவை 'ஐயர் பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா 22 வருஷம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பா மட்டும் அவர் பெயரைச் சரியாகச் சொல்வார், ழகரத்தோடு. அதற்காக அம்மாவிடம் தினம் பழகினாராம். இது எனக்குத் தெரியவந்ததே போன வருஷம்தான், அம்மா சொல்லி.

15 மார்ச்

பெரிய திருத்தம். முதல் நாள் 'துனியா நே ஊந்தா சஷ்மா' என்றால் உலகத்தைத் தலைகீழ்க் கண்ணாடி போட்டுப் பார்ப்பது என்று எழுதினேன். அகமதாபாத் நண்பர் ஒருவர் படித்துவிட்டு (தமிழ் தெரியாது, அவர் மனைவி வாசித்துக் காட்டினார்) உடனே போன். "பார்ப்பது எங்கே இருக்கிறது?"

நிஜம். பார்ப்பது எங்கேயும் இல்லை. குஜராத்தியில் 'நே' என்பது நம் 'ஐ'யும் 'கு'வும் சேர்ந்த உருபு. உலகத்தை என்றும் எடுக்கலாம், உலகத்துக்கு என்றும் எடுக்கலாம். உலகத்துக்குத் தலைகீழ்க் கண்ணாடி என்று எடுத்தால் எல்லாமே திரும்பிவிடுகிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டிருப்பது ஊர். வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். டிவியில் 'தாரக் மேத்தா கா உல்ட்டா சஷ்மா' என்று வைத்ததும் கண்ணாடி அவர் மூக்குக்குப் போய்விட்டது.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

17 மார்ச்

சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கிறது. 'தாரக் மேத்தாவின் தலைகீழ்க் கண்ணாடி' என்ற அர்த்தத்தில் புத்தகங்களுக்கும் தலைப்பு வந்திருக்கிறது, டிவியை மட்டும் சொல்ல முடியாது என்று அதே நண்பர். சரி. ஆனாலும் பத்தியின் பெயர் வேறு, அது முதலில் வந்தது. பத்திகளை எனக்கு நினைவு தெரிந்தவரை புரட்டிப் பார்த்தால், கோணலாகப் பார்க்கிறவர் அவர் இல்லை. சுற்றி எல்லாரும் கோணலாக நிற்கும்போது நேராக உட்கார்ந்து தவிக்கிறவர். முந்தாநாள் எழுதியதை அழிக்கப் போவதில்லை.

26 மார்ச்

"அந்தப் பழைய பத்திகளை ஒன்று ஸ்கேன் செய்து போடுங்களேன்" என்று மூன்று பேர். இதைத் தவிர்த்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிடுகிறேன்.

பா அந்தப் பக்கங்களைக் கத்தரித்து வைத்திருந்தார். 1973இலிருந்து. வருஷத்துக்கு ஒரு கட்டு, ஓரத்தில் போர்வை தைக்கும் ஊசியால் மூன்று தையல், மேலே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. கோத்ரெஜ் பீரோவின் அடித்தட்டில் புடவைக்குக் கீழே இருக்கும். காமாலை சமயத்தில் நான் 1973இலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தேன். சில பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருப்பார். ரொம்பச் சிரித்த இடம்.

2011இல் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவானது. எல்லாரும் சாமான் ஒழித்தார்கள். பாவின் மருமகள் எனக்குப் போன் செய்தார். "உனக்கு வேணுமா தீக்ரா, நீதான் படிப்பாய்." நான் அப்போது பெங்களூரில். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரம் ஆபீஸில் ஏதோ வந்தது, இன்று அது என்ன என்றுகூட நினைவில்லை. அதற்கடுத்த வாரம் போனேன். பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலா எடைக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மருமகள் மேல் தப்பே இல்லை, 15 நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

காட்கோபரில் நாலு ரத்திக் கடையில் கேட்டேன். ஒரு கடைக்காரர் என்னை உள்ளே விட்டு, மூட்டை மூட்டையாகப் பிரிக்க விட்டார். மத்தியானம் முழுக்க. கிடைக்கவில்லை.

27 மார்ச்

ஆறுதல் சொன்னவர்களுக்கு: புத்தகமாக வந்தவை கிடைக்கின்றன, நானும் வைத்திருக்கிறேன். அதில் அந்தப் பென்சில் வட்டம் இல்லை, அவ்வளவுதான்.

7 ஏப்ரல்

வேலையாக அகமதாபாத் வந்திருக்கிறேன். நேற்று ஞாயிறு. எல்லிஸ் பாலத்துக்குப் பக்கம் சபர்மதி ஆற்றோரம் குஜரி பஜார் கூடும். பழைய கட்டில், ஸ்பேனர், பித்தளைக் குடம், கோழி, புத்தகம் எல்லாம் தரையில். 9 மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய பத்திரிகை விற்பவர் ஒருவரிடம் 'சித்ரலேகா' 1970கள் இருக்கிறதா என்று கேட்டேன். "யாருக்கு?" என்றார். எனக்குத்தான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மதராஸியா? உட்காருங்கள்" என்று ஸ்டூலைத் தள்ளினார். தாரக் மேத்தாவுக்காக என்றேன். அதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சம்பக்லால் மாதிரியே தொண்டையைக் கட்டிக்கொண்டு "ஏ ஜேட்டியா!" என்று ஒரு குரல். பக்கத்தில் குடம் விற்றவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

சாக்கிலிருந்து ஐந்து இதழ் எடுத்துக் கொடுத்தார். மூன்று 1980கள், இரண்டு 1977. அங்கேயே பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. 300 ரூபாய் கொடுத்து அறைக்குக் கொண்டுவந்தேன்.

1980கள் மூன்றும் முழுசாக இருக்கின்றன, ஸ்கேன் செய்து போடுகிறேன். 1977 இரண்டிலும் மேத்தா பக்கம் இல்லை. கிழிக்கவில்லை. கத்தரிக்கோலால் முதுகோரம் அரை விரல் விட்டு நேராக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.